வெளிநாட்டுக் கற்கைத் திட்டத்தைத் தெரிவு செய்தல்: வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாணவனாக இருந்த காலத்தில் பரிமாற்றத் திட்டமொன்றின் கீழ் ஒரு செமஸ்டர் ஐரோப்பாவில் படித்துத் திரும்பியவன் என்பதால், இலங்கையில் வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் படிக்கும் தம்பி தங்கைகள் பலர் விண்ணப்பப் படிவத்தோடு என்னிடம் வருவதுண்டு. வருபவர்கள் வேறு வேறு ஆட்களாக இருந்தாலும் சந்தேகங்கள் அநேகமாக ஒன்றாகவே இருக்கின்றன. ஆகவே அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கு தொகுத்திருக்கிறேன். விசா விதிகளும் கட்டணங்களும் அடிக்கடி மாறுபவை என்பதால், விண்ணப்பிக்கும் நாளில் அந்தந்த நாட்டு அரசாங்கத்தின் அறிவித்தலையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டில படிக்கிறது என்றால் எல்லாம் ஒன்றுதானே? இதில தெரிவு செய்ய என்ன இருக்கு?

ஒன்றல்ல. முதலாவது, பரிமாற்றத் திட்டம். உங்கள் பதிவு இங்கேயே இருக்கும். ஒரு செமஸ்டரோ இரண்டோ வேறொரு பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு வந்து இங்கேயே பட்டம் பெறுவீர்கள். இரண்டாவது, முழு இளமாணிப் பட்டத்தையும் வெளிநாட்டில் படிப்பது. மூன்றாவது, இங்கு பட்டம் முடித்தபின் முதுமாணிப் படிப்புக்குச் செல்வது. இவற்றுக்கு வெளியே, இரண்டு முதல் நான்கு வாரம் வரை நடக்கும் கோடைகாலப் பாடநெறிகளும் உண்டு. அவற்றில் கிடைப்பது பெரும்பாலும் பங்குபற்றிய சான்றிதழ் மட்டுமே.

பரிமாற்றத் திட்டத்துக்கு நீங்கள் தனியாக விண்ணப்பித்துவிட முடியாது. இரண்டு பல்கலைக்கழகங்களுக்கும் இடையில் உடன்படிக்கை இருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் பிளஸ் திட்டத்தின் கீழ் இரண்டு மாதம் முதல் பன்னிரண்டு மாதம் வரை படிக்கச் செல்வதற்கும் இதுவே நிபந்தனை. ஆகவே இணையத்தில் தேடத் தொடங்குமுன், உங்கள் பல்கலைக்கழகத்தின் சர்வதேசத் தொடர்புகள் பிரிவிலும் பீடாதிபதி அலுவலகத்திலும் எந்தெந்த உடன்படிக்கைகள் இன்னும் நடைமுறையில் உள்ளன என்று கேளுங்கள்.

அரச பல்கலைக்கழகத்தில் இலவசமாக ஓர் இடம் பெற்ற ஒருவர் அதைக் கைவிட்டு முழு இளமாணிக்காக வெளிநாடு போவதை நான் அபூர்வமாகவே ஆதரிப்பேன். உயர்தரத்தில் இரண்டு மூன்று தடவை எழுதிப் பெற்ற அந்த இடம் பிறகு திரும்பக் கிடைக்காது. பரிமாற்றமும் முதுமாணியும் அந்த இடத்தை இழக்காமலே செல்லும் வழிகள். கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் இவ்விரண்டையும் பற்றியவை.

எந்த நாடு நல்லம், அண்ணா?

பத்தில் எட்டுப் பேர் இந்தக் கேள்வியோடுதான் தொடங்குகிறார்கள். மாமா லண்டனில் இருக்கிறார், கூடப் படித்தவன் அவுஸ்திரேலியா போய்விட்டான் என்று நாட்டை முதலிலும் பாடத்தைக் கடைசியிலும் முடிவு செய்கிறார்கள். நான் அதைத் தலைகீழாகப் பார்க்கச் சொல்வேன். திரும்பி வந்து, அல்லது அங்கிருந்து அடுத்த படிக்குப் போகும்போது, அந்தப் படிப்பும் அந்தப் பத்திரமும் யாரிடம் எடுபட வேண்டும்? அதை எழுதிக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கி வந்தால் நாடு தானாகவே தெரியவரும்.

வந்தாறுமூலையில் விவசாயம் படிக்கும் ஒருவர் உலர்வலய நீர்ப்பாசனத்திலோ உவர்நிலத்தில் நெற்செய்கையிலோ ஆராய்ச்சி செய்ய விரும்பினால், கோயம்புத்தூரில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், பாங்கொக்குக்கு அருகே 1959இல் தொடங்கப்பட்ட ஆசியத் தொழில்நுட்ப நிறுவகம், நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகம் ஆகிய மூன்றும் அவருக்குப் பொருந்தும் இடங்கள். அதே வாகனிங்கன், கல்லடியில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் பரதநாட்டியம் படிக்கும் தங்கைக்கு எந்தப் பயனும் தராது. அவர் போக வேண்டிய ஊர் சென்னை. சம்மாந்துறையில் பிரயோக விஞ்ஞான பீடத்தில் படிப்பவருக்கு இவை இரண்டையும்விட, தாம் விரும்பும் துறையில் யார் ஆய்வு செய்கிறார் என்பதே முக்கியம். அந்தப் பேராசிரியர் எந்த நாட்டில் இருக்கிறாரோ அதுதான் நல்ல நாடு.

எந்த வருசத்தில போறது சரி?

பரிமாற்றத்துக்கு இரண்டாம் வருடத்தின் முடிவும் மூன்றாம் வருடமும் ஏற்றவை. முதலாம் வருடத்தில் காட்டுவதற்குப் பெறுபேறு இராது. இறுதி வருடத்தில் ஆய்வுக் கட்டுரையும் பயிற்சியும் இருப்பதால் பீடம் விடுவிக்கத் தயங்கும். எப்படியும் புறப்படுவதற்கு ஏறத்தாழ ஒரு வருடம் முன்பே வேலையைத் தொடங்க வேண்டும். முதுமாணிக்கு விண்ணப்பிப்பவர்கள் இறுதி வருடத்திலேயே தொடங்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டுஸ் போன்ற முதுமாணிப் புலமைப்பரிசில் திட்டங்கள், படிப்பு தொடங்குமுன் பட்டம் முடிந்துவிடும் என்று காட்டக்கூடியவர்களையும் ஏற்கின்றன.

எங்கள் பல்கலைக்கழகக் கால அட்டவணை வேலைநிறுத்தம், வெள்ளம் என்று தள்ளிப் போவது வழக்கம். இறுதிப் பெறுபேறு ஜூலையில் வரும் என்று நம்பி செப்டெம்பர் அனுமதியை ஏற்றவர்கள், டிசம்பரில் பெறுபேற்றைப் பெற்ற கதைகள் உண்டு. அனுமதியை அடுத்த தவணைக்கு ஒத்திவைக்க முடியுமா என்று ஏற்பதற்கு முன்பே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஜப்பானில் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. எங்கள் தாமதத்துக்கு அது சில வேளைகளில் தோதாக அமையும்.

அங்க படிச்ச பாடம் இங்க கணக்கில வருமா?

பரிமாற்றத்தில் இதைவிடப் பெரிய கேள்வி இல்லை. இலங்கைத் தகைமைகள் சட்டகத்தின்படி ஒரு கிரெடிட் என்பது 50 மணித்தியாலக் கற்றல். ஒரு வருடத்துக்கு 30 கிரெடிட். ஐரோப்பாவின் கிரெடிட் முறையில் ஒன்று 25 முதல் 30 மணித்தியாலம். ஒரு வருடத்துக்கு 60. ஆகவே அவர்களுடைய இரண்டு, எங்களுடைய ஒன்றுக்கு அண்ணளவாகச் சமம். அங்கே 6 கிரெடிட் என்று போட்டிருக்கும் பாடத்தைப் பார்த்து, இங்குள்ள இரண்டு மூன்று பாடங்களுக்கு அது போதும் என்று நினைத்துவிடாதீர்கள். அது இங்கு 3 கிரெடிட்தான்.

எண்ணிக்கை பொருந்தினாலும் பாடத்தின் உள்ளடக்கம் பொருந்த வேண்டும். அங்குள்ள பாடத்திட்டத்தை எடுத்து, இங்கு எந்தப் பாடத்துக்குப் பதிலாக அது நிற்கும் என்று துறைத்தலைவரோடு உட்கார்ந்து ஒன்றுக்கொன்று பொருத்தி, அதைக் கற்றல் உடன்படிக்கை என்ற பத்திரமாக எழுதி, அதில் மூன்று தரப்பும் (நீங்கள், இங்குள்ள பீடம், அங்குள்ள பல்கலைக்கழகம்) கையொப்பமிட்ட பிறகே விமானச் சீட்டு எடுக்க வேண்டும். பீடச் சபையும் மூதவையும் அனுமதிக்க வேண்டியிருந்தால் அவை கூடுவதற்கு எடுக்கும் மாதங்களையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

நான் பட்டதைச் சொல்கிறேன். அங்கு போய்ச் சேர்ந்த முதல் வாரத்தில், ஒப்புக்கொண்ட இரண்டு பாடங்கள் ஒரே நேரத்தில் நடப்பது தெரியவந்தது. ஒன்றை விட்டு வேறொன்றை எடுத்தேன். அங்குள்ளவர்கள் உடனே சம்மதித்தார்கள். இங்கு அறிவித்து உடன்படிக்கையைத் திருத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. நல்ல புள்ளியோடு திரும்பி வந்தபின், அந்தப் பாடம் ஏற்கப்படவில்லை என்றார்கள். ஜூனியர் பேட்சோடு இருந்து அதற்கீடான பாடத்தை மறுபடி படித்தேன். பிழை முழுக்க என்னுடையதே. ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தால் போதும்.

ஒரு செமஸ்டர் போனா பேட்ச் தவறுமா? கிளாஸ் போயிடுமா?

மேலே சொன்ன உடன்படிக்கை முறையாக இருந்தால் தவற வேண்டியதில்லை. சிக்கல் வருவது இரண்டு இடங்களில். அங்குள்ள செமஸ்டரும் இங்குள்ள செமஸ்டரும் ஒரே மாதத்தில் தொடங்காததால் இங்கு ஒரு பரீட்சை தவறலாம். அந்தப் பரீட்சையைப் பின்னர் எழுதும்போது அது முதல் தடவையாகக் கொள்ளப்படுமா, மீள்பரீட்சையாகக் கொள்ளப்படுமா என்பது மற்றது. மீள்பரீட்சை என்றால் பொதுவாகப் புள்ளிக்கு உச்சவரம்பு உண்டு. வகுப்புச் சித்தி (பட்டத்தில் முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்று கிடைக்கும் தரம்) அதில் அடிபடலாம்.

பீடத்தின் துணைவிதிகளை வாங்கி, வகுப்புச் சித்திக்கான பிரிவை நீங்களே வாசியுங்கள். அண்ணாமார் சொன்னார்கள் என்பதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். அவர்கள் காலத்துத் துணைவிதி மாறியிருக்கலாம். விடுமுறை அனுமதியும் பரீட்சை விலக்கும் இரண்டு தனித்தனிக் கடிதங்களாக, பதிவாளர் பிரிவிலிருந்து உங்கள் கைக்கு வந்திருக்க வேண்டும். முதல் வகுப்பின் விளிம்பில் நிற்பவர், விரிவுரையாளராகும் எண்ணமும் உள்ளவர் என்றால், பரிமாற்றத்தை விட்டுவிட்டு முதுமாணிக்கு நேரடியாகப் போவதே மேல் என்பது என் கருத்து.

ஐ.ஈ.எல்.டி.எஸ். கட்டாயமா? எவ்வளவு எடுக்கோணும்?

இந்த ஆங்கில மொழிப் பரீட்சை எல்லா இடத்துக்கும் கட்டாயமில்லை. ஆங்கில மொழிமூலம் படித்தவர்கள், அதை உறுதிப்படுத்தும் கடிதத்தைப் பதிவாளரிடம் பெற்று, அதை ஏற்கும் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கலாம். பல்கலைக்கழகம் ஏற்றாலும் விசாவுக்கு வேறாகக் கேட்கப்படலாம் என்பதை மறக்கக் கூடாது. கலைப்பீடத்தில் தமிழ்மூலம் படித்தவர்களுக்கு இந்தக் கடிதம் கிடைக்காது. அவர்கள் பரீட்சை எழுதியே ஆக வேண்டும்.

முதுமாணிக்குப் பொதுவாகக் கேட்பது மொத்தம் 6.5, எந்தப் பகுதியிலும் 6க்குக் குறையாமல் என்பதாகும். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் மொத்தத்தில் 7 எடுத்து எழுத்தில் 5.5 எடுத்துத் திரும்புவதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். அந்த ஒரு பகுதிக்காகவே எல்லாம் போய்விடும் என்பதால், படிப்பு நேரத்தில் பாதியை எழுத்துக்கே கொடுங்கள். எழுத வேண்டியது ‘அக்கடமிக்’ வகை, ‘ஜெனரல்’ அல்ல. பெறுபேறு இரண்டு வருடத்துக்கே செல்லுபடியாகும். ஆகவே இரண்டாம் வருடத்தில் எழுதி வைத்துவிட்டு நான்காம் வருடத்தில் பயன்படுத்த எண்ண வேண்டாம்.

மூன்று வருசப் பொதுப் பட்டத்தோட முதுமாணிக்குப் போகலாமா?

நாட்டைப் பொறுத்தது. மூன்று வருடப் பட்டம் 90 கிரெடிட். நான்கு வருடச் சிறப்புப் பட்டம் 120. முன்னர் சொன்ன இரண்டுக்கு ஒன்று கணக்கில் இவை ஐரோப்பாவின் 180க்கும் 240க்கும் சமமாகின்றன. ஐரோப்பாவில் இளமாணி பெரும்பாலும் 180 என்பதால் அங்கும், இளமாணியே மூன்று வருடமாக உள்ள இங்கிலாந்திலும், மூன்று வருடப் பட்டத்தோடு கதவைத் தட்டலாம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவும் நான்கு வருடம் கேட்கும். பாடநெறியின் அனுமதி நிபந்தனையில் குறிப்பிட்ட பாடத்தில் இத்தனை கிரெடிட் வேண்டும் என்று போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். பொதுப் பட்டத்தில் மூன்று பாடங்கள் பிரிந்து கிடப்பதால் அங்கேதான் குறை விழும்.

‘முழுப் புலமைப்பரிசில்’ என்றா வீட்டால ஒரு சதமும் போடத் தேவையில்லைதானே?

தேவைப்படும். எராஸ்மஸ் முண்டுஸ் முதுமாணியை எடுத்துக்கொள்ளுங்கள். கற்கைக் கட்டணம் இல்லை. மாதம் 1,400 யூரோ, அதிகபட்சம் 24 மாதங்களுக்குக் கிடைக்கும். குறைந்தது இரண்டு நாடுகளில் படிப்பீர்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் விமானச் சீட்டு, விசா, நாடு மாறும் செலவு எல்லாம் அந்த 1,400க்குள்ளேயே அடங்க வேண்டும். முதல் தொகை பெரும்பாலும் போய்ச் சேர்ந்து வங்கிக் கணக்குத் திறந்த பிறகே வரும். ஆகவே சீட்டுக்கும் முதல் மாத வாடகைக்கும் வாடகை முற்பணத்துக்கும் வீட்டில் பணம் வேண்டும். ஜப்பானிய அரசின் மெக்ஸ்ட் புலமைப்பரிசிலில் விமானச் சீட்டும் அடங்கும் என்பது எங்களைப் போன்ற குடும்பங்களுக்குச் சிறிய வேறுபாடு அல்ல.

இந்தியாவை மலிவான இரண்டாம் தரத் தெரிவாகப் பலர் ஒதுக்குகிறார்கள். அது சரியல்ல என்று நினைக்கிறேன். இலங்கை மாணவர்களுக்கென்றே நேரு நினைவுப் புலமைப்பரிசில் (இளமாணி), மௌலானா ஆசாத் புலமைப்பரிசில் (முதுமாணி), ராஜீவ் காந்தி புலமைப்பரிசில் (தகவல் தொழில்நுட்பம், பொறியியல்) என்று தனித் திட்டங்கள் இருக்கின்றன. கற்கைக் கட்டணமும் மாதாந்தக் கொடுப்பனவும் தங்குமிடக் கொடுப்பனவும் கிடைக்கும். மருத்துவம் இவற்றில் இல்லை. கல்வி அமைச்சும் இந்திய உயர்ஸ்தானிகராலயமும் வெளியிடும் அறிவித்தலைப் பார்த்து விண்ணப்பிக்க வேண்டும்.

ஜெர்மனி இலவசம் என்பதும் அரைவாசிதான் உண்மை. அரச பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவை கற்கைக் கட்டணம் அறவிடுவதில்லை. ஆனால் பாடன்-வூர்ட்டம்பேர்க் மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் 2017ஆம் ஆண்டிலிருந்து செமஸ்டருக்கு 1,500 யூரோ அறவிடுகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024இல் கட்டணம் அறவிடத் தொடங்கியது.

விசாவுக்கு வங்கியில காட்டுற காசை யாரிட்டயாவது மாறி வைக்கலாமா?

இந்தக் கேள்வி கேட்கப்படும்போது குரல் தாழ்ந்துவிடும். ஜெர்மனிக்கு, வருடச் செலவுக்கான தொகையை முடக்கப்பட்ட கணக்கில் முன்கூட்டியே வைக்க வேண்டும். 2024 செப்டெம்பரிலிருந்து அது 11,904 யூரோ. அந்தப் பணம் மாதம் 992 யூரோவாக உங்களுக்கே திரும்பக் கிடைக்கும். உங்கள் சாப்பாட்டுக்கும் வாடகைக்குமான பணம் அதுதான். இங்கிலாந்துக்கு, தேவையான தொகை உங்களது அல்லது பெற்றோரது கணக்கில் தொடர்ந்து 28 நாட்கள் குறையாமல் இருந்திருக்க வேண்டும்.

வட்டிக்கு வாங்கி வைத்துக் காட்டித் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் இருப்பது எனக்குத் தெரியும். அப்படிச் செய்தால் இரண்டு விதத்தில் அடி விழும். திடீரென்று வந்து சேர்ந்த பெருந்தொகை எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். பொய்க் கடிதம் கொடுத்தது தெரிந்தால் இந்த விண்ணப்பம் மட்டுமல்ல, பின்வரும் வருடங்களில் செய்யும் விண்ணப்பங்களும் பாதிக்கப்படும். தப்பித்துப் போனாலும், அங்கே செலவுக்குப் பணம் இல்லாமல் போய் இறங்குகிறீர்கள். காணி விற்ற உறுதி, நிலையான வைப்பு, வயல் வருமானம், நகை அடகு என்று உண்மையில் இருப்பதைப் பத்திரத்தோடு காட்டுவது நல்லது. அது போதவில்லையென்றால் அந்தத் திட்டம் உங்கள் குடும்பத்துக்கு ஏற்றதல்ல. முந்தைய பதிலில் சொன்ன புலமைப்பரிசில்களின் பக்கம் திரும்புங்கள்.

பகுதிநேர வேலை செய்து ஃபீஸ் கட்டலாம் என்கிறாங்களே?

சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் உழைக்கலாம். கற்கைக் கட்டணத்துக்கு உழைக்க முடியாது. இங்கிலாந்தில் தவணைக் காலத்தில் பட்டப்படிப்பு மாணவருக்கு வாரத்துக்கு 20 மணித்தியாலம், அவுஸ்திரேலியாவில் இரண்டு வாரத்துக்கு 48, கனடாவில் வளாகத்துக்கு வெளியே வாரத்துக்கு 24 என்பவை எல்லைகள். இதை மீறினால் விசா போகும்.

டவுனில இருக்கிற ஏஜென்சி எல்லாம் செய்து தாறன் என்கிறாங்க. நம்பலாமா?

நேர்மையாக வேலை செய்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அவர்களில் பலருக்கு வருமானம், தாங்கள் மாணவரைச் சேர்த்துவிடும் பல்கலைக்கழகம் தரும் கொமிஷன். கொமிஷன் தராத ஜெர்மன் அரச பல்கலைக்கழகத்தையோ புலமைப்பரிசிலையோ அவர்கள் உங்களிடம் சொல்வதில் அவர்களுக்கு இலாபம் இல்லை. ஆகவே அவர்கள் காட்டும் பட்டியல் பொய்யாக இல்லாவிட்டாலும் முழுமையானதாக இராது. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் உரிமத்தைச் சுவரில் மாட்டி வைத்திருந்தால், அது வேலைக்கு ஆள் அனுப்புவதற்கான உரிமம் என்பதையும் படிப்பின் தரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

நிறுவனத்தை நீங்களே சரிபார்க்கலாம். அவுஸ்திரேலியாவுக்கு, வெளிநாட்டு மாணவரைச் சேர்க்க அனுமதி பெற்ற நிறுவனங்களின் கிரிகோஸ் (CRICOS) பதிவேடு, கனடாவுக்கு நியமிக்கப்பட்ட கல்வி நிறுவனங்களின் பட்டியல், இங்கிலாந்துக்கு மாணவர் அனுசரணை உரிமம் பெற்றவர்களின் பதிவேடு என்று எல்லாம் அரச இணையத்தளங்களில் இலவசமாக இருக்கின்றன. மூல ஆவணங்களை அலுவலகத்தில் விட்டுவர வேண்டாம். விண்ணப்பத்தில் உங்கள் சொந்த மின்னஞ்சலே இருக்க வேண்டும். ஏஜென்சியின் மின்னஞ்சலைப் போட்டால், பல்கலைக்கழகம் உங்களுக்கு எழுதுவது உங்களுக்கே தெரியாது. கட்டணத்தை நேரடியாகப் பல்கலைக்கழகத்தின் கணக்குக்கு வங்கி மூலம் அனுப்புங்கள்.

அந்தப் பட்டத்தை இங்க அரசாங்க வேலைக்கு ஏற்பாங்களா? மருத்துவம் என்றா?

வெளிநாட்டுப் பட்டத்தின் அங்கீகாரத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் கேட்கலாம். பொதுநலவாயப் பல்கலைக்கழகங்களின் ஆண்டுநூலிலோ சர்வதேசப் பல்கலைக்கழகச் சங்கத்தின் பட்டியலிலோ அந்தப் பல்கலைக்கழகம் இருக்கிறதா என்பதை அவர்கள் பார்ப்பார்கள். இதைப் படித்து முடித்து வந்த பிறகு அல்ல, பணம் கட்டுமுன் கேளுங்கள்.

மருத்துவத்துக்கு அது போதாது. இலங்கை மருத்துவ சபை அந்த மருத்துவக் கல்லூரியை அங்கீகரித்திருக்க வேண்டும். உயர்தரப் பெறுபேறு பற்றிய அவர்களது நிபந்தனையும் நிறைவேற வேண்டும். திரும்பி வந்து அவர்களது பதிவுப் பரீட்சையில் சித்தியடைய வேண்டும். ஆறு வருடம், வீடு விற்ற பணம் என்று போய்வந்த பிறகு இந்த மூன்றில் ஒன்று குறைந்தால் அதற்கு வேறு வழியில்லை. முகவர் ‘அங்கீகாரம் இருக்கு’ என்று சொன்னால், யாருடைய அங்கீகாரம் என்று கேளுங்கள்; அந்த நாட்டு அரசின் அங்கீகாரமும் எங்கள் மருத்துவ சபையின் அங்கீகாரமும் வேறு வேறு.

பேர் எழுத்து ஒவ்வொரு பத்திரத்திலயும் ஒவ்வொரு மாதிரி இருக்கு. பிரச்சினையா?

பிரச்சினைதான், எங்கள் மாவட்டங்களில் விண்ணப்பங்கள் தாமதிக்க நான் கண்ட முதற் காரணமும் இதுவே. பிறப்புச் சான்றிதழ் தமிழில். அதை அடையாள அட்டைக்கு ஒருவர் ஆங்கிலத்தில் ஒரு விதமாகவும், பாடசாலையில் வேறொருவர் இன்னொரு விதமாகவும் எழுதியிருப்பார். தவராசாவின் கடைசியில் ஓர் எழுத்துக் கூடும். முஹம்மத் மூன்று பத்திரத்தில் மூன்று விதமாக இருக்கும். தந்தையின் பெயர் ஓரிடத்தில் முதலெழுத்தாகவும் மற்ற இடத்தில் முழுப் பெயராகவும் நிற்கும். குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் தந்தை பெயரைப் போடுவதா தன் பெயரைப் போடுவதா என்ற குழப்பம் வேறு.

கடவுச்சீட்டில் உள்ள எழுத்தையே அடிப்படையாகக் கொண்டு, விண்ணப்பம், மொழிப் பரீட்சைப் பதிவு, வங்கிக் கணக்கு மூன்றையும் அதன்படி வைத்துக்கொள்ளுங்கள். பட்டச் சான்றிதழ் அச்சாகுமுன் பல்கலைக்கழகத்தில் பெயரைச் சரிபார்க்கும் படிவம் தரப்படும்போது கவனமாக நிரப்புங்கள். பிறகு மாற்றுவது சிரமம். மற்றப் பத்திரங்களில் உள்ள வேறுபாட்டுக்கு, இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று சத்தியக் கடதாசி முடித்து, தமிழ்ப் பத்திரங்களைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கடவுச்சீட்டைக் காட்டி மொழிபெயர்ப்பித்துக்கொள்ளுங்கள். கடவுச்சீட்டைக் காட்டாமல் கொடுத்தால் அவர் நான்காவது எழுத்துமுறை ஒன்றை உண்டாக்கித் தருவார்.

கொழும்புக்கு எத்தனை தரம் போகோணும்?

குறைந்தது இரண்டு தரம் என்று வையுங்கள். ஆவண அத்தாட்சி, விசா நேர்முகம், கைரேகை ஆகியவற்றோடு, இங்கிலாந்துக்கு ஆறு மாதத்துக்கு மேல் போவதென்றால் காசநோய்ப் பரிசோதனையும் உண்டு. முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் இரவு பஸ்ஸிலோ உதயதேவி ரயிலிலோ போய் ஒரு பத்திரம் குறைந்து திரும்புவதைத் தவிர்க்க, மூலப் பத்திரமும் இரண்டு பிரதியும் எல்லாவற்றுக்கும் கொண்டுபோங்கள்.

பொம்பிளப் பிள்ளையைத் தனிய அனுப்ப வீட்டில விடமாட்டாங்க. என்ன சொல்றது?

இந்தக் கேள்வி பிள்ளைகளிடமிருந்தும் வருகிறது; அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்த தாய்மாரிடமிருந்தும் வருகிறது. பயத்தைப் பழமை என்று தள்ளிவிட்டுப் பேசினால் வீட்டில் யாரும் கேட்கமாட்டார்கள். அவர்களுடைய பயம் பெரும்பாலும் குறிப்பானது: இரவில் யார் விமான நிலையத்துக்கு வருவார்கள், எங்கே தங்குவாள், காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பார்கள், ஹலால் சாப்பாடு கிடைக்குமா. ஆகவே பதிலும் குறிப்பாக இருக்க வேண்டும். விடுதி இடம் முன்பே உறுதியாக உள்ள, வந்தவரை அழைத்துச் செல்லும் ஏற்பாடு உள்ள, காப்புறுதி சேர்ந்த திட்டத்தைத் தெரிவு செய்து, அந்தப் பத்திரங்களை வீட்டில் காட்டுங்கள். பகலில் போய்ச் சேரும் விமானத்தை எடுங்கள், விலை சற்றுக் கூடினாலும்.

ஏற்கனவே அங்கு போய்வந்த ஒரு மாணவியோடு உங்கள் உம்மாவையோ அம்மாவையோ தொலைபேசியில் பேச வையுங்கள். நான் ஒரு மணி நேரம் சொல்லியும் அசையாதவர்கள், காத்தான்குடியிலோ களுவாஞ்சிக்குடியிலோ இருந்து போய்வந்த பிள்ளை பத்து நிமிடம் பேசியதும் சம்மதித்ததைக் கண்டிருக்கிறேன்.

‘திரும்பி வரோணும்’ என்று கையெழுத்து வாங்குற புலமைப்பரிசிலை எடுக்கலாமா?

எடுக்கலாம், என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்தபின். இங்கிலாந்தின் செவனிங் புலமைப்பரிசில், படிப்பு முடிந்தபின் குறைந்தது இரண்டு வருடம் சொந்த நாட்டில் இருக்கச் சொல்கிறது. அமெரிக்காவின் ஃபுல்பிரைட் புலமைப்பரிசிலில் போனவருக்கும் அமெரிக்க விசா விதியின்படி இரண்டு வருடம் சொந்த நாட்டில் இருக்கும் நிபந்தனை உண்டு. செவனிங்குக்கு 2,800 மணித்தியாலம், அதாவது இரண்டு வருட வேலை அனுபவமும் வேண்டும் என்பதால், பட்டம் முடித்த கையோடு போக முடியாது. இங்கேயே விரிவுரையாளராகவோ நிர்வாக சேவையிலோ இருக்க விரும்புகிறவருக்கு இந்த நிபந்தனை சுமையே அல்ல. அங்கேயே குடியேறும் எண்ணத்தோடு இதை எடுப்பது தவறான தெரிவு. அவர் வேறு வழி தேட வேண்டும். இலங்கையில் பல்கலைக்கழகத்தில் பதவி வகித்துக்கொண்டு கல்வி விடுமுறையில் போகிறவர்கள் கையொப்பமிடும் பிணைமுறி இதற்கு வேறானது; அதில் பிணை நிற்பவரின் பணமும் சிக்கும்.

இரண்டு ஒஃபர் வந்திருக்கு: ஒன்று பேர்பெற்ற கம்பஸ், அரைவாசி ஃபீஸ், மற்றது பேர் தெரியாத இடம், முழுச் செலவும் தருவாங்க. எது?

முழுச் செலவும் தருகிற இடம் என்று உடனே சொல்லத் தோன்றும். பெரும்பாலும் என் பதிலும் அதுதான். ஆனால் முதலில் இரண்டாம் கேள்விக்கு நீங்கள் எழுதி வைத்த விடையை எடுங்கள். பத்திரம் எடுபட வேண்டிய இடம் இங்குள்ள பல்கலைக்கழகத் துறையென்றால், மேற்பார்வையாளரும் வெளியாகும் ஆய்வுக் கட்டுரையும் கணக்கில் வரும். வளாகத்தின் பெயர் அவ்வளவாக வராது. தனியார் நிறுவனமொன்றில் முகாமைத்துவ வேலை என்றால் பெயருக்குச் சற்று மதிப்புண்டு. ஆனால் அந்த மதிப்புக்காக வாப்பாவின் வயலை ஈடு வைப்பதா என்பதை வீட்டில் எல்லோரும் இருக்கும்போது, ரூபாயில் எழுதிய கணக்கோடு பேச வேண்டும்.

சென்ற வருடம் இப்படி வந்த ஒருவர், பெயர்பெற்ற இடத்துக்கு நேர்மையாக ஒரு மின்னஞ்சல் எழுதினார்: இன்னோரிடத்தில் முழு உதவி கிடைத்திருக்கிறது, உங்களிடம் வரவே விருப்பம், கட்டணக் குறைப்பைக் கூட்ட முடியுமா என்று. முடியாது என்று மரியாதையாகப் பதில் வந்தது. அவர் மற்ற இடத்துக்குப் போனார். கேட்பதால் எந்த அனுமதியும் பறிபோவதில்லை என்பதால் நீங்களும் கேட்டுப் பார்க்கலாம். பதில் வரும்வரை இரண்டாவது இடத்தின் கடைசித் திகதியைத் தவறவிட வேண்டாம்.